மிக நன்று என்று எழுதிய கூட்டம்

போன மாதம் ஒரு சின்னப் பெண் எனக்குப் போன் செய்தாள். பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறதாம். ஐந்தாறு கிராம நர்சுகளின் வேலையை மேற்பார்வை பார்க்கிற பதவி அது. ஓய்வு பெறும்வரை நானும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

"மேடம், தாய்மார் கூட்டத்துல நர்சுங்க பேசுததைக் கேட்டு, குறை நிறை சொல்லிக் குடுக்கணும்னு சொல்லியிருக்காவ. நீங்க அதுல பேர் எடுத்தவங்கன்னு எல்லாரும் சொல்லுதாவ. எப்படிச் சொல்லணும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

பேர் எடுத்தவளாம்! நல்ல பேர்தான் போங்கள்.

"இப்ப எப்படிம்மா செய்யுதிய?" என்று கேட்டேன். கூட்டத்தில் பேசுவதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்களாம். மேலே இருப்பவர்கள் பார்த்துவிட்டு ரோஜாப்பூ, கைதட்டல், கட்டைவிரல் என்று அனுப்புவார்களாம். பத்து நிமிஷப் பேச்சைப் போட்ட ஒரு நிமிஷத்திலேயே ஒன்பது ரோஜாப்பூ வந்துவிடுமாம். "அப்ப கேட்டது யாரு?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கொஞ்சம் வைதும் விட்டேன். போனை வைத்த பிறகுதான், வைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. செல்போன் வராத காலத்திலும் ரோஜாப்பூ கொடுக்கத்தான் செய்தோம். நான் மையில் எழுதிக் கொடுத்தேன். அப்படி நான் எழுதிக் கொடுத்த ஒன்றால் ஒரு பிள்ளையின் உடம்பு கெட்டது. அந்தப் பெண்ணுக்கு எழுதித் தருவதாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

என் ஊர் பாளையங்கோட்டை. சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்புவித்து வளர்ந்த தொண்டை. நர்சு பயிற்சியில் ஊசி, பிரசவம், பதிவேடு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசுவதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை என்றுதான் நினைத்தேன். சத்தமாக, தடுமாறாமல் சொல்லிவிட்டால் அதுதான் பேச்சு என்பது என் எண்ணம்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் செல்லையா சார். எங்கள் வட்டாரத்தின் சுகாதாரக் கல்வி அலுவலர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை, கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. கூட்டத்துக்கு வந்தால் அவருக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார மாட்டார். பால்வாடியின் கடைசி மூலையில், பெண்களுக்குப் பின்னால், தரையில் சம்மணம் போட்டுக்கொள்வார். பேசுகிறவளின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. கேட்கிறவர்களின் முகத்தைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிறவளிடம் அவர் கவனிப்பது கையை மட்டும்தான். "வாய் சொல்லுதது அவளுக்கு மறந்துரும் எஸ்தரு. கை காட்டுதது மறக்காது. நாளைக்கு வீட்டுல போயி உன் கை செஞ்சதைத்தான் அவ செய்வா" என்பார் என்னிடம்.

என் முதல் கூட்டம் சீம்பால் பற்றி. பிள்ளை பெற்றதும் வருகிற மஞ்சள் பாலை அந்தக் காலத்தில் கறந்து கொட்டிவிடுவார்கள். கொட்டக் கூடாது என்று நான் வசனம் ஒப்புவிக்கிற மாதிரி இருபது நிமிஷம் முழங்கினேன். முடித்ததும் செல்லையா சார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கர்ப்பிணியிடம், "எம்மா, நர்சம்மா என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "கொரலு கணீர்னு இருக்கு சார்" என்றாள்.

"வேற?"

"நல்லா சத்தமாச் சொன்னாவ சார்."

அவ்வளவுதான். சார் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். பாதி தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீ என்ன சொல்லணும்னு நெனச்ச?"

"சீம்பாலைக் கொட்டக் கூடாதுன்னு சார்."

"அவ என்னத்தைக் கொண்டுக்கிட்டுப் போறா?"

"என் கொரலை சார்."

"கொரலைக் கொண்டுபோயி பிள்ளைக்குக் குடுக்க முடியாதுல்லா? அடுத்த மாசம் பைய பேசு" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நான் செய்த தப்பு பத்துக்குக் குறையாது. அவர் ஒன்றைத்தான் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான். முதலில் கேட்டவளிடம் கேட்பது, பேசினவளிடம் தனியாக வழியில் சொல்வது, ஒரு கூட்டத்துக்கு ஒரு குறைக்கு மேல் சொல்லாதது. இன்னொன்றும் வைத்திருந்தார். சொல்ல வேண்டியதை அன்றைக்கே, பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். "வீட்டுக்குக் கொண்டுபோனா ஊசிப்போயிரும் எஸ்தரு" என்பார். இந்த நாலையும் எனக்குப் பாடமாகவே தெரியும். நாலையும் நான் மீறியிருக்கிறேன்.

முதலில் மீறியது முப்பிடாதியிடம்தான். செல்லையா சார் ஓய்வு பெற்றுப் போய், நான் மேற்பார்வை பதவிக்கு வந்த புதிது. முப்பிடாதி ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை. பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டிலிருந்து படித்து வந்தவள். ஆற்றோரத்தில் ஒரு கிராமத்தில் முதல் வேலை கிடைத்திருந்தது. அந்த ஊரின் பெயர் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை பற்றி அவள் பேச வேண்டிய முதல் கூட்டத்துக்கு, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரும் பார்க்க வந்தார். பெண்களுக்குப் பின்னால் தரையில் உட்கார வேண்டியவள், அன்றைக்கு நான் டாக்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அது தலைக்கு ஏறிவிட்டது.

முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள். நான் நாற்காலியிலிருந்தே, "முப்பிடாதி, தரையில என்னத்தத் தேடுத? எதையும் போட்டுட்டியா?" என்றேன். பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது. அப்புறம் ரெண்டு வரிக்கு ஒரு தடவை குறுக்கே விழுந்தேன். சத்தம் போதாது, கையைக் கட்டாதே, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லு. முடிந்ததும் தாளில் குறித்து வைத்திருந்த ஒன்பது குறையையும் எல்லார் முன்னாலும் வாசித்தேன். டாக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அவ்வளவும் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு முப்பிடாதி பேசுவதை விட்டுவிட்டாள். ஒன்றிரண்டு மாதமல்ல, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். கூட்டம் நடக்கும், பால்வாடி டீச்சர் துண்டுத்தாளைப் பார்த்து வாசிப்பார், இவள் ஓரமாக நின்று மாத்திரை கொடுப்பாள். மற்ற வேலையில் அவளைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. பிரசவம் என்றால் மழையிலும் ஓடுவாள். அவள் ஊசி போட்டால் பிள்ளை அழுவதற்கு மறந்துவிடும். பேசச் சொன்னால் மட்டும், "எனக்குப் பேச்சு வராதுக்கா. ஊசி போடச் சொல்லுங்க, ஊரையே போட்டுருதேன்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள். வரவிருந்த பேச்சை நான்தானே வாயை அடைத்து விரட்டினேன்.

ஒரு தடுப்பூசி நாளில்தான் விடிவு வந்தது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று மாமியார் வைவாள் என ஒரு தாய் கண் கலங்கிக்கொண்டு நின்றாள். முப்பிடாதி சட்டென்று தாடையை முன்னால் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகி, "ஏட்டி, எம் பேரனை யாருட்டி குத்துனா?" என்று அந்த மாமியாராகவே மாறிவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழ வந்தவளும் சிரித்துவிட்டாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏட்டி, இதையே கூட்டத்துல செய்யேன்" என்றேன்.

செய்தாள். நான் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இவளிடம் இனி ஒரு குறையும் சொல்வதில்லை. நன்று, நன்று என்றே சொல்லிக்கொண்டிருப்பது. கொடுத்த சூட்டுக்கு மருந்து போடுவதாக எனக்கு நினைப்பு. அவளும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனாள். நடவு முடிந்து கால் சேறு காயாமல் பெண்கள் வந்து உட்காருவார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட வருவார்கள். "இன்னைக்கு நர்சம்மா என்ன வேசம் போடப் போறாவ?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பால்வாடி கொள்ளாமல் வாசலில் நிற்கும் கூட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை. நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் என்று அவளைத்தான் எண்ணிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். வயிற்றுப்போக்கு பற்றிய பேச்சு. பிள்ளைக்கு வயிற்றாலே போனால் உடம்பில் நீர் வற்றிவிடும், அதற்கு உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் கொடுப்போம். ஒரு பாக்கெட்டை அப்படியே ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொதித்து ஆறின தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் கொடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போகும். கைக்குழந்தைக்கு உப்பு கூடினால் அது மூளையைத் தாக்கும். இந்தப் பேச்சு பேசப் போகிறவள் ஒரு லிட்டர் பிடிக்கிற பாத்திரத்தைக் கையோடு கொண்டுபோய், எல்லார் கண்முன்னாலும் அளந்து கரைத்துக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். முப்பிடாதியிடம் அதற்கென்று ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது.

அன்றைக்கு மினிபஸ்ஸில் கூட்டம் என்று தூக்குவாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பால்வாடியில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பேச்சு களைகட்டிவிட்டது. பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று தடுக்கிற மாமியாராக மாறி, "ஏட்டி, அதுக்கு வெளிய போயிட்டே இருக்கு, நீ உள்ள ஊத்திக்கிட்டே இருக்க. ஓட்டைப் பானைக்கா தண்ணி எறைக்க?" என்று தாடையை ஆட்டினாள். கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், "ஒரு லிட்டர் தண்ணியில ஒரு பாக்கெட்டு" என்று வேகமாகச் சொன்னாள். சொல்லும்போதே இடது கையில் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் பிரிக்காத பாக்கெட்டை அதில் கவிழ்த்துக் காட்டி, கரண்டியை விட்டுக் கலக்குகிற மாதிரி சுற்றினாள்.

நான் பார்த்தேன். வாய் ஒரு லிட்டர் என்கிறது, கை ஒரு டம்ளரைக் காட்டுகிறது. என் கண் அந்தக் கையிலேயே நின்றுவிட்டது. செல்லையா சார் இருந்தால் எழுந்தே நின்றிருப்பார் என்று எனக்குள் ஓடியது. ஆனாலும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பேச்சு முடிந்தது. வழக்கப்படி எனக்கு முன்னால் இருந்தவளைக் கேட்டேன். இசக்கியம்மாள் என்று பேர். மடியில் பத்து மாதப் பெண் பிள்ளை, பக்கத்தில் அவள் மாமியார்.

"எம்மா, நர்சம்மா என்ன சொன்னாவ?"

அவள் குறும்பாக மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முப்பிடாதி மாதிரியே தாடையைத் தள்ளி, "ஏட்டி, ஓட்டைப் பானைக்கா தண்ணி எறைக்க?" என்றாள். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் அவள் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுத் தானும் சிரித்தாள். "அத்தை என்ன சொன்னாலும் பாக்கெட்டைக் கரைச்சுக் குடுத்துரணும், அதானக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

எவ்வளவு தண்ணீரில் கரைப்பாய்? அடுத்து நான் கேட்க வேண்டியது அதுதான். நாக்கு நுனியில் நின்றது. கேட்டிருந்தால் அவள் டம்ளரைத்தான் காட்டியிருப்பாள். அத்தனை பேர் முன்னால் முப்பிடாதியின் தப்பு வெளியே வந்திருக்கும். பழையபடி அவள் தரையைப் பார்க்கிற காட்சி என் கண்ணுக்குள் வந்தது. கேட்காமல் எழுந்துவிட்டேன். சரி, வழியில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வழியில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு பூரிப்பு. "எண்ணிப் பாத்தேன்க்கா, நாப்பத்தி ரெண்டு பேரு! வாசல்ல நின்னவங்களைச் சேக்கவே இல்ல." கொஞ்ச தூரம் நடந்தோம். "நல்லா இருந்துச்சாக்கா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுட்டி."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லையேக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ நட."

பஸ் வந்தது. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம், தூக்குவாளியைக் கொண்டு வா என்று சும்மா சொல்கிற மாதிரி சொல்லிவிடலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மறுநாள் ஆபீசில் அவளுடைய பேச்சுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம் இசக்கியம்மாளின் பிள்ளைக்கு வயிற்றாலே போனது. அவள் கூட்டத்தில் சொன்னபடியே செய்தாள். மாமியார் தடுத்தும் கேட்கவில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட் என்று ஒரே நாளில் மூன்று பாக்கெட் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டர், "என்னம்மா குடுத்த, எப்படிக் குடுத்த?" என்று கேட்டதற்கு, அவள் இடது கையைக் குவித்துப் பிடித்து, வலது கையால் கவிழ்த்து, விரலால் சுற்றிக் காட்டினாளாம். முப்பிடாதி செய்தது அப்படியே.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதற்குக் கர்த்தருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது. ஆனால் வலிப்பு நிற்கவில்லை. மாதம் ஒரு தடவை, ரெண்டு தடவை என்று வந்துகொண்டே இருந்தது.

தகவல் எங்கள் நிலையத்துக்கு வந்த அன்று முப்பிடாதி வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. உதடு வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, நீங்க அன்னைக்கு இருந்தியள்லா? நான் டம்ளர்ல காட்டுனதை நீங்க பாத்தியளா?"

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. அதற்காகச் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் என்னை நானே வைதிருக்கிறேன். அதுகூட முழு உண்மையில்லை. 'பார்த்தேன், சொல்லவில்லை' என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"நான் கவனிக்கலையே முப்பிடாதி" என்றேன்.

"சரிக்கா" என்றாள். போய்விட்டாள்.

அவள் வாய் திரும்பவும் மூடிக்கொள்ளும், இனி ஆயுசுக்கும் பேச மாட்டாள் என்று நான் நினைத்தேன். அந்தப் பயத்தில்தானே எல்லாவற்றையும் மறைத்தேன்? அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் தூக்குவாளியோடு வந்தாள். இசக்கியம்மாள் வந்திருந்தாள், மடியில் பிள்ளையோடு. ஊரே சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேஷம் இல்லை, தாடையை ஆட்டவில்லை. தரையைப் பார்க்காமல் நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"போன கூட்டத்துல நான் தப்பாக் காட்டிட்டேன். டம்ளர்ல காட்டுனேன். அதனால இசக்கி பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சு. இசக்கி மேல தப்பில்ல. அவ நான் காட்டுனதைத்தான் செஞ்சா. இங்கன எத்தனை பேரு வீட்டுல பாக்கெட்டு இருக்கு? கையைத் தூக்குங்க. இப்ப ஒவ்வொருத்தரா வந்து, இந்த வாளியில நீங்களே கரைச்சு எனக்குக் காட்டணும்."

ஒவ்வொருத்தியும் வந்து கரைத்துக் காட்டினாள். கடைசியாக இசக்கியம்மாளும் எழுந்து வந்தாள். முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, அளவு சரியாக வரும்வரை பக்கத்திலேயே நின்றாள். என் வாழ்நாளில் நான் கேட்ட பேச்சுகளில் அதுபோல் ஒன்று இல்லை. நான் கடைசி மூலையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, 'நானும் பார்த்தேன், நானும் சொல்லவில்லை' என்று ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் பேசத் தெரியாமல் போனது எனக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முப்பிடாதி இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். வலிப்பு மாத்திரை வாங்கிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது டீச்சரிடம் போய் வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். நான் ஓய்வு பெற்றபோது ஆபீசில் நடந்த விழாவில் எனக்காகப் பேசியதும் அவள்தான். "எஸ்தர் அக்கா இல்லைன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்" என்று சொல்லி மாலை போட்டாள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். கழுத்தெல்லாம் அரித்தது.

அந்தச் சின்னப் பெண் கேட்ட ரெண்டு பக்கத்தை எழுத உட்கார்ந்து நாலு நாள் ஆனது. செல்லையா சார் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதினேன். வாசித்துப் பார்த்தால் யோக்கியமான ஒரு பொம்பளை எழுதின மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி முப்பிடாதியைப் பார்க்கப் போனேன்.

அவள் இன்னும் அதே கிராமத்தில்தான் இருக்கிறாள். மாற்றல் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. "வாங்கக்கா, வாங்க, வெயில்ல எதுக்கு வந்திய?" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். குடித்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"முப்பிடாதி, அன்னைக்கு நீ டம்ளர்ல காட்டுனதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன். பொறவு கவனிக்கலைன்னு சொன்னது பொய்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

"என்னட்டி தெரியும்?"

"நீங்க என் கையைப் பாத்தது. பேசும்போது நான் உங்க மொகத்தைத்தானக்கா பாத்துக்கிட்டு இருப்பேன்? கையைப் பாத்திய, உங்க மொகம் மாறுச்சு. எனக்கே சுருக்குன்னு ஆச்சு, டம்ளர்ல காட்டுதோமேன்னு. சரி, தப்புன்னா அக்கா வழியில சொல்லுவாவன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன்லா? ஒண்ணுமில்லன்னு சொன்னிய. அப்ப சரிதான் போலன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் வராண்டாவுல நான் பொய் சொன்னப்பவாவது ஏன்ட்டி என்னைக் கேக்கல? நல்லா நாலு வசவு வைஞ்சிருக்கலாம்லா?"

"என்னத்தக் கேக்க? உங்க மொகத்தைப் பாக்க முடியலக்கா. இதையும் கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவியன்னு தோணுச்சு. அதான் சொல்லல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்திருக்கிறாள். இத்தனை வருஷமாக நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இசக்கியம்மாளின் மகள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.